செவலை மலை ஏறிய பன்னிரண்டு நாட்கள்

மார்ச் 19, 2018

நேற்று மாலை சென்னை கிண்டியில் லாரியில் ஏற்றிய நான்கு பந்தயக் குதிரைகளும் இன்று முற்பகல் உதகை லாயத்தில் இறங்கின. மேட்டுப்பாளையத்தில் லாரியை நிறுத்தித் தலைக்கயிறுகளைத் தளர்த்திவிட்டேன். தலையைத் தூக்கியே கட்டிவைத்தால் சளி வெளியே வடியாமல் நுரையீரலுக்கு இறங்கிவிடும். தலையைத் தாழ்த்தித் தும்மினால்தான் குதிரைக்கு மூச்சுக்குழாய் சுத்தமாகும். தாமதமாகிறது என்று ஓட்டுநர் கோபித்துக்கொண்டார், நான் அசையவில்லை. இறங்கியதும் நான் பார்த்துக்கொள்ளும் பெண் குதிரை செவலையின் உடல் வெப்பம் 38 டிகிரி. நிம்மதி.

மார்ச் 20

செவலை வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சென்னையில் நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிப்பவள். மலைத் தண்ணீரின் ருசி அவளுக்குப் புதிது. கிண்டியிலிருந்து கேன்களில் கொண்டுவந்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் வெல்லம் கரைத்து வைத்தேன். முக்கால் வாளி குடித்தாள். தண்ணீர் குறைந்தால் தீனி குடலில் இறுகி வயிற்றுவலி வந்துவிடும். அவள் போட்ட லத்தியை நானே பார்த்தேன்: ஈரமாக இருக்கிறது, அளவுதான் குறைவு. தீனியில் எதையும் மாற்றவில்லை. அதே ஓட்ஸ், அதே குதிரைமசால்.

மார்ச் 22

இன்று மனம் சரியில்லை. அரைக்கதவுக்கு மேல் கழுத்தை நீட்டி, இடமும் வலமும் ஊசல் போல ஆடுகிறாள். முன்னங்கால்கள் மாறி மாறி எடை தாங்குகின்றன. கிண்டியில் ஒருநாளும் ஆடியதில்லை. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்ல, இரட்டைக் கம்பளி போட்டோம். ஆட்டம் நிற்கவில்லை.

“கதவில் கம்பி வைத்துவிடலாம் அண்ணே, தலையை நீட்ட முடியாது” என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். வேண்டாம் என்றேன். கம்பி வைத்தால் உள்ளே நின்று ஆடுவாள், அவ்வளவுதான். ஏன் ஆடுகிறாள் என்று பார்க்காமல் ஆட்டத்தை மட்டும் அடைப்பது அந்த உயிருக்குச் செய்கிற அநியாயம்.

மார்ச் 23

இரவெல்லாம் யோசித்தேன். கிண்டியில் அவளுக்குப் பக்கத்து அறை ‘தாத்தா’வுடையது. விதை நீக்கிய கிழட்டுக் குதிரை, பரம சாது. மூன்று வருடம் கம்பித் தடுப்பின் வழியே மூக்கோடு மூக்கு உரசி நின்றவர்கள். இங்கே அறை பிரித்தபோது தாத்தா பின்வரிசைக்குப் போய்விட்டது. அவளுக்கு இருபுறமும் சுவர். எதிரே பேருந்து நிலையத்தின் ஹாரன் சத்தம். லாயத்தில் கண்ணாடி மாட்டினால் ஆட்டம் குறைகிறது என்று ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். பின்வரிசையில் உயிருள்ள தோழனே இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

மார்ச் 24

பயிற்சியாளரிடம் கேட்டேன், உடனே சம்மதித்தார். அறை மாற்றினோம். தாத்தாவின் குரல் கேட்டதும் அவள் கனைத்த கனைப்பில் லாயமே திரும்பிப் பார்த்தது.

இன்னொன்றையும் திருத்தினேன். கிண்டியில் முதல் தீனி அதிகாலை 4 மணிக்கு. இங்கே குளிரைச் சாக்கிட்டு ஐந்தரை ஆக்கியிருந்தார்கள். குதிரையின் வயிறு சிறியது; தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலி வயிறு புண்ணாகும். இனி 4 மணிதான். இரவிலும் வாய்க்கு எட்டும்படி புல் தொங்கும்.

மார்ச் 27

ஆட்டம் குறைந்திருக்கிறது. தீனி வரும் நேரத்தில் மட்டும் கொஞ்சம். ஒட்டிக்கொண்ட பழக்கம் முழுதாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டத்தில் இன்னும் மந்தம். கேலப் என்கிற வேக ஓட்டம் வேண்டாம், நடையும் டிராட் என்கிற மெல்லோட்டமும் போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 14-இல் முதல் பந்தயம். அதற்காக அவளை அவசரப்படுத்த முடியாது. கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம் இது. அவள் இரத்தமும் மூச்சும் பழக வேண்டும்.

என் கவலை வேறு. வந்ததிலிருந்து அவள் படுத்ததற்கு அடையாளமே இல்லை. குதிரை நின்றபடி கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம் போதும், அந்த அரைமணியும் பயமில்லாத இடத்தில்தான் வரும்.

மார்ச் 30

காலை 4 மணி. டார்ச் அடித்துப் பார்த்தேன். செவலையின் வலது விலாவிலும் பிடரி மயிரிலும் தரையில் பரப்பிய மரத்தூள் ஒட்டியிருந்தது. பையனை எழுப்பிக் காட்டினேன். இன்று அவளைத் தேய்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.