பரிசைக் காட்டி ஆடவைப்பது

அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா டீச்சர்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், ஆட்டத்தின் மேல் இருக்கிற ஆசை தேய்ந்துவிடும்.

1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையரில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமில்லை. அப்புறம் பார்த்தால், முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள்தான் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசு கெடுக்கவில்லை, பேரம்தான் கெடுத்தது.

ஆசை உள்ளிருந்தே வளர மூன்று வேண்டும் என்று உளவியலாளர்கள் எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் சொல்கிறார்கள்: தானே முடிவெடுப்பது, திறமை வளர்வதை உணர்வது, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். எங்கள் அணியில் ரெய்டு போகும் வரிசையைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். வாயே திறக்காத எங்கள் இடது கார்னர் பெண், கணுக்காலைப் பிடிக்கும் உத்தியை இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஆரம்பித்தாள்.

வேலையிடத்திலும் இதுதான். என் கணவர் போகும் மில்லில் வருகைக்கு போனஸ் உண்டு. ஷிஃப்ட் மாற்றும்போது மட்டும் யாரையும் கேட்பதில்லை. அவருக்கு அந்த போனஸைவிட இதுதான் மனதில் நிற்கிறது.

அடுத்து மண்டலப் போட்டி. வரிசையை இந்த முறையும் பிள்ளைகளே எழுதட்டும்.