போயாச்சா?

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய இருபதாவது நிமிடம் நான் அனுப்பிய செய்தி எப்போதும் ஒரே சொல்தான்: "போயாச்சா?" பதில் வரும்வரை ஃபோனைக் கீழே வைக்க மாட்டேன். ஒரு டிக் மட்டும் விழுந்திருந்தால், அவள் ஃபோன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று மனம் ஓடும். இரண்டு டிக் விழுந்து நீலமாகாமல் இருந்தால், எடுத்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லையோ என்று ஓடும். நீலமாகியும் பதில் வராவிட்டால் அதற்கும் ஒரு கதை தயாராக இருக்கும். "போயாச்சு மா" என்று வந்த பிறகுதான் மூச்சு சீராகும். அதுவும் அரை மணி நேரத்துக்குத்தான். அப்புறம் அவள் திரும்பி வரும் வழியைப் பற்றிய கவலை தொடங்கிவிடும்.

இதை நான் பொறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வேலையிலும் அப்படித்தான். கணக்கு சரிபார்ப்பது என் வேலை. ஒரு மின்னஞ்சலை அனுப்பும் முன் நான்கு முறை படிப்பேன், அனுப்பிய பிறகு இன்னும் இரண்டு முறை படிப்பேன். மேலாளர் "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டால், அவர் அறைக்கு நடந்து போவதற்குள் எனக்கு வேலை போய், வீட்டுக் கடன் தவணை நின்று, மகளின் படிப்பும் பாதியில் நின்றிருக்கும். வெளியே இருந்து பார்த்தவர்கள் "எவ்வளவு கவனமான ஆள்" என்றார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இது பதற்றமாக இருக்கலாம் என்று எட்டு வருடமாக யோசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் உடம்புதான் சொன்னது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் காலையில் தாடை வலிக்கும். கழுத்தும் தோளும் கல் போல இறுகிக் கிடக்கும். வயிற்றுக் கோளாறு என்று ஒரு டாக்டர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று இன்னொரு டாக்டர் என்று அலைந்தேன். அப்புறம் ஒரு நாள் மாலை லிஃப்டில் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. மாரடைப்புதான் என்று முழுமையாக நம்பினேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். உயிர் பிழைத்த நிம்மதியைவிட, ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டிவிட்டோம் என்ற வெட்கம்தான் அன்று அதிகமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் மூன்று முறை அதே மாதிரி போனேன்.

நான்காவது முறை பார்த்த டாக்டர் முதலில் தைராய்டு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி படபடப்பும் கை நடுக்கமும் வருமாம். அதுவும் சரியாகவே இருந்தது. அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கவலையும் இல்லாம கடைசியா எப்போ இருந்தீங்க?" என்று கேட்டார். யோசித்தேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் ஒரு தாளைக் கொடுத்தார். பதற்றத்தை அளவிடும் தாள், ஜி.ஏ.டி-7 என்று பெயர். ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று அர்த்தம். இது முதற்கட்ட வடிகட்டல் மட்டும்தான், இதை வைத்தே நோய் என்று முடிவு செய்ய மாட்டோம் என்றும் சொன்னார். எனக்கு 16 வந்தது. அந்த ஏழில் ஒன்று, எளிதில் எரிச்சல் வருகிறதா என்ற கேள்வி. அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. கணவர் ஒரு டம்ளரைச் சத்தமாக வைத்தால்கூட நான் கத்துவேன். என் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். எரிச்சலும் பதற்றத்தின் அடையாளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதற்றம் என்றால் நடுங்கும் கையும் வியர்க்கும் நெற்றியும் என்றே எண்ணியிருந்தேன்.

கவலை எல்லாருக்கும் வரும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்து, நிறுத்த நினைத்தாலும் நிற்காமல், கூடவே தூக்கம், தசை இறுக்கம், சோர்வு, எரிச்சல் என்று உடம்பையும் பிடித்துக்கொண்டால் அதற்குச் சிகிச்சை தேவை என்று விளக்கினார். லிஃப்டில் நடந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது, அதனால்தான் அந்த மரமரப்பும் தலை லேசாவதும். காற்று போதவில்லை என்று நான் தவித்த நேரத்தில் உண்மையில் தேவைக்கு அதிகமாகவே இழுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விளக்கம் கிடைத்த பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான் போகவே இல்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். முதலில் போன இடம் சரியாக அமையவில்லை. "பாசிட்டிவா யோசிங்க, இதெல்லாம் ஒரு கவலையா" என்று முக்கால் மணி நேரம் அறிவுரை கிடைத்தது. தெரபி என்றாலே இதுதான் போலிருக்கிறது என்று ஏழு மாதம் எங்கும் போகாமல் இருந்தேன். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்தான். ஒருவரிடம் ஒத்துவராவிட்டால் இன்னொருவரைப் பார்க்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதாகப் போனது ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம். அவர் செய்தது சி.பி.டி., அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: மனதில் ஓடுவதையும் அதற்கு நாம் செய்வதையும் கவனித்து மாற்றப் பழகுவது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கி, பிறகு பதற்றத்துக்கும் பயன்பட்ட முறை. வரவேற்பறையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 30 கோடிப் பேர் பதற்ற நோய்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனையும் அவன் அப்பாவையும் அதன் பிறகு வேறு மாதிரி பார்த்தேன்.

மேடம் முதல் இரண்டு வாரம் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு நோட்டு போடச் சொன்னார். நேரம், என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பில் எங்கே தெரிந்தது, உடனே என்ன செய்தேன். கணக்குப் பார்க்கிறவளுக்கு இது பழகிய வேலை. இரண்டு வாரம் கழித்து அவர் கடைசிப் பத்தியை மட்டும் என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கேட்டேன். கூப்பிட்டேன். மறுபடி பார்த்தேன். இணையத்தில் தேடினேன். கேட்டேன். கேட்டேன். படித்துக்கொண்டே வரும்போது குரல் இறங்கிவிட்டது. பக்கம் பக்கமாக அதேதான்.

அப்புறம் இன்னொரு பத்தி சேர்த்தார்: பதில் கிடைத்த பிறகு நிம்மதி எத்தனை நிமிடம் இருந்தது? திங்கட்கிழமை நாற்பது. புதன்கிழமை இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை பத்து. எண்களை நம்புகிற ஆள் நான். பதில் கேட்கக் கேட்க நிம்மதியின் ஆயுள் குறைந்துகொண்டே போவது என் கையெழுத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறை கேட்டு, பதில் வந்து, அவள் பத்திரமாக இருக்கும்போதும், கேட்டதால்தான் பத்திரமாக இருக்கிறாள் என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது என்றார். அடுத்த முறை கேட்காமல் இருப்பது அதனால்தான் இன்னும் கடினமாகிறது.

அன்று நான் அவரிடமே கேட்டேன்: "அவளுக்கு ஒன்னும் ஆகாதுதானே மேடம்?" அவர் சற்று நேரம் பேசவில்லை. "அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே இந்தச் சாயந்திரத்தை எப்படிக் கழிக்கிறதுன்னுதான் நாம இங்க பழகப் போறோம்" என்றார். கோபமாக வந்தது. பணம் கொடுத்து வந்தது இதைக் கேட்கவா என்று நினைத்தேன். ஆனால் என் வாழ்க்கையில் எனக்கு உடனே ஆறுதல் சொல்லாத முதல் ஆள் அவர்தான். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் படிகள் எழுதினோம். முதல் படி, இருபதாவது நிமிடம் அனுப்பும் செய்தியை முப்பதாவது நிமிடம் அனுப்புவது. பத்தாவது படி, அவள் வெளியூர் போகும்போது இரவு ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்வது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று எழுத வேண்டும். "விபத்து, 70 சதவீதம்" என்று எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உச்சிக்கு ஏறிய படபடப்பு, நான் எதுவும் செய்யாமலே, தானாக இறங்கியது. அது தானாக இறங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இறங்க விட்டதே இல்லை.

ஒரு நாள் மேடம் என்னை அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னார். என் இதயம் சரியாக இருக்கிறது என்ற மருத்துவ அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் செய்தார். அதே மரமரப்பு, அதே தலை லேசாவது, இந்த முறை நானே வரவழைத்தது. மூன்று நிமிடத்தில் போய்விட்டது. இன்னொரு முறை செய்யட்டுமா என்று நானே கேட்டேன். அடுத்த நாள் மீண்டும் லிஃப்டில் ஏறினேன். வேலையிடக் கவலைகளுக்கு வேறு வழி: மாலை 6 மணி முதல் 6.20 வரை கவலைப்படும் நேரம். பகலில் வருவதை ஒரு சீட்டில் குறித்து வைத்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். ஆறு மணிக்குச் சீட்டை எடுத்தால் பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மறைத்துப் பேசுகிறவர்கள் அதிகம். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு வருடம் எடுத்தேன். வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆயின. நிறுத்தும்போது அவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தேன். நோட்டை எடுத்து எழுதும் அளவுக்குத் தூக்கம் கிடைத்தது அதனால்தான்.

கணவரையும் ஒரு முறை அழைத்துவரச் சொன்னார்கள். பாவம், ஒரு மாலையில் பத்து முறை "ஒன்னும் ஆகாது, கவலைப்படாதே" என்று சொல்கிறவர் அவர். அன்புதான் அது. ஆனால் நோட்டின் கணக்குப்படி அதுவும் நான் கேட்டு வாங்கும் பதில்தான். அதற்குப் பிறகு நான் கேட்டால், "பயமா இருக்குன்னு தெரியுது. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். முதல் வாரம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டாவது வாரம் கேட்பது குறைந்தது. வீட்டில் யாருக்காவது பதற்றம் இருந்தால் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். ஆனால் இருவரும் முன்பே பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் இது உதவும். சொல்லாமல் கொள்ளாமல் பதிலை நிறுத்தினால் அது வெறும் கைவிடல்.

பதினோராவது வாரம் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிவு. அவளே கூப்பிட்டுச் சொன்னாள். எட்டு வருடம் நான் ஒத்திகை பார்த்த அழைப்பு அது. எந்த மருத்துவமனை, யாரோடு இருக்கிறாய், என்ன எடுத்துவர வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பினேன். கை நடுங்கவில்லை. அனுப்பிய ஆயிரக்கணக்கான "போயாச்சா?"க்களில் ஒன்றுகூட அந்த விழுதலைத் தடுக்கவில்லை, ஒத்திகைகளில் ஒன்றுகூட அன்று தேவைப்படவும் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆனது. பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். எல்லாம் வீணாகிவிட்டது என்று அழுதுகொண்டு போய் உட்கார்ந்தேன். மேடம் நோட்டைத் திறந்து, "நாலாவது படியிலேருந்து மறுபடி போடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மொத்தம் பதினாறு அமர்வுகள். கடைசியாக அந்த ஏழு கேள்விகளுக்கு எனக்கு வந்தது 6.

இன்று மகள் தோழிகளோடு மூன்று நாள் பயணம் போன இரண்டாவது நாள். ஃபோன் அடுத்த அறையில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு செய்தி என்பது எங்கள் ஒப்பந்தம். இப்போது மணி நான்கு. நெஞ்சு லேசாக அடித்துக்கொள்கிறது, தாடை இறுகியிருப்பதை இந்த வரியை எழுதும்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் நோட்டு திறந்திருக்கிறது. பத்தாவது படி. எதிர்பார்ப்பது: "மலைப்பாதையில் வண்டி, 30 சதவீதம்." என்ன செய்தேன் என்ற பத்தியில், "எழுதிக்கொண்டிருக்கிறேன்."