அடுத்த அடியை எது தாங்கும்?

ஐடிஐயில் ஒரு வருடம் வெல்டர் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாளே வெல்டிங் டார்ச்சைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரி கொடுத்தது உப்புத்தாள். மூன்று மாதம் அதுதான். பட்டி போட்ட கதவை 80ஆம் நம்பரில் ஆரம்பித்து 180, 320 என்று தேய்த்துக்கொண்டே வர வேண்டும்.

தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்வார். “கண்ணு ஏமாத்தும் தம்பி, உள்ளங்கை ஏமாத்தாது.” கதவுத் தகட்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். அதில் மயிரிழை மேடு இருந்தால்கூட, பெயின்ட் அடித்து ட்யூப்லைட் அடியில் நிறுத்தும்போது வெளிச்சக்கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம்தான் சுத்தியலும் டோலியும். டோலி என்பது தகட்டுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி. டோலிக்கு நேர் மேலே தட்டினால் தகடு மெலிந்து விரியும். டோலியைப் பள்ளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பக்கத்திலுள்ள மேட்டைத் தட்டினால் விரியாமல் நிமிரும். விரிந்துபோன தகடு டின் மூடி மாதிரி டொக்கு டொக்கென்று அமுங்கும். கேஸில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணி வைத்தால் சுருங்கி இறுகும். அது முதன்முதலில் எனக்குக் கைகூடிய அன்று ராத்திரி அம்மாவிடம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வந்து, சூடேறிய பிரேக் பிடிக்காமல் இடித்த வண்டிகள் எங்களிடம் நிறைய வரும். மே மாதம் கோடை விழா சமயத்தில் பட்டறையில் இடமே இருக்காது. அப்படி வந்த ஒரு காரில் இடதுபக்க நடுத்தூண், பி பில்லர் என்போமே, உள்ளே மடங்கியிருந்தது. மேஸ்திரி வெளியே போயிருந்தார். தெரிந்த வித்தைதானே என்று கேஸில் காய்ச்சி இழுத்து நேராக்கிவிட்டேன். கதவு கச்சிதமாகச் சாத்தியது.

அவர் வந்து, தூணில் நீலம் பாய்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. “கதவு சாத்துதுடா. அடுத்த அடிய எது தாங்கும்?” என்றார்.

கார் கம்பெனிப் பயிற்சிக்குப் போய்வந்தவர் அவர். இப்போதைய கார்கள் பலவற்றில் அந்தத் தூண் போரான் கலந்த எஃகு. பழுக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தியபடியே சடாரென்று குளிர்விப்பதால் வருகிற பலம் அது. மறுபடி காய்ச்சினால் போய்விடும். கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டிப் புதுசு மாற்ற வேண்டும், நிமிர்த்தவே கூடாது. ஐடிஐயில் நான் பற்றவைத்ததெல்லாம் சாதாரண இரும்புத் தகடு. பட்டறைகளிலோ சுத்தியல் பிடிக்கத்தான் சொல்லித்தருகிறார்கள், எந்த இடத்தில் எந்த எஃகு என்று சொல்வதில்லை. இந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயின்ட்டுக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கைக்குட்டை கட்டிக்கொண்டே ஸ்ப்ரே அடித்த அண்ணன் ஒருவருக்கு இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அந்தத் தூணின் ஸ்பாட் வெல்டுகளை, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருந்த இடங்களை, நானே எடுத்தேன். சாதா ட்ரில் பிட் அதில் ஏறவே இல்லை. புதுத் தூண் வந்து, குறுக்களவு சரிபார்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்தோம். வண்டிக்காரரிடம் மேஸ்திரி, “எங்க பையன் தப்பு, அதான் நாலு நாள் தாமதம்” என்று உள்ளதைச் சொன்னார்.

வண்டிக்காரரின் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். அதன் மேல்முனை அந்தத் தூணில்தான் பிடித்திருக்கிறது.