பீன்யா மண்ணில் யார் போட்ட குரோமியம்?

“மண்ணுலயே இருக்கறதுதானேம்மா? நாங்க என்னவோ லாரியில கொண்டுவந்து கொட்டின மாதிரி எழுதியிருக்கீங்க!”

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், மண்ணையும் தண்ணீரையும் டெஸ்ட் செய்யும் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். அங்கே வரும் ஒரு பிளேட்டிங் ஷெட் (உலோகச் சாமானுக்குக் குரோமியம் பூசும் பட்டறை) முதலாளி, தர்மபுரிப் பக்கத்துக்காரர், அவர் இடத்து மண்ணில் குரோமியம் அதிகம் என்று சொன்ன ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் சொன்னது இது. “அண்ணா, பாதி சரி” என்றேன். மீதிப் பாதியைக் கேட்க அவருக்கு நேரமில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

உலோகம் இல்லாத மண் கிடையாது. பாறை சிதைந்துதான் மண் ஆகிறது, பாறையில் உள்ளது மண்ணுக்கு வருகிறது. ஆனால் எந்தப் பாறை என்பதுதான் கேள்வி. பெங்களூருக்கு அடியில் கிடப்பது நைஸ் (gneiss) என்ற பாறை. லால்பாக்கில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறோமே, அந்தப் பாறைதான். வயது சுமார் 300 கோடி ஆண்டு. கிரானைட்டுக்கு உறவுக்காரன் மாதிரி. இந்த வகைப் பாறையில் குரோமியம் கிலோவுக்குப் பத்து இருபது மில்லிகிராம்தான் பொதுவாக இருக்கும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் பசால்ட் வகையில் அது நூற்றைம்பது, இருநூறு என்று போகும்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். எங்கள் ஊர்ப் பாறை அந்த இரண்டாவது ரகம், பசால்ட் உருமாறிய கருப்புக் கல். ஆக, தங்கவயல் மண்ணில் வரும் ஒரு எண்ணைப் பார்த்து “இது இயற்கை” என்றால் ஒத்துக்கொள்வேன். அதே எண் பீன்யாவில் வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கவயல் என்றதும் சயனைடு மேட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கல்மாவு மலை மலையாகக் கிடக்கிறது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்று வீசினால் அந்தத் தூள் கொடியில் காயும் துணி வரைக்கும் வரும். இது இயற்கையா, மனிதன் செய்ததா? உலோகம் பாறையுடையது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் சும்மா கிடந்ததை மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, மழைக்கும் காற்றுக்கும் திறந்துவிட்டது மனிதன். கட்டிக்கல்லில் கரையாமல் கிடப்பது மாவில் சுலபமாகக் கரையும். “மண்ணிலேயே இருக்கிறது” என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த மேடுதான்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரே இடத்தில் மேல்மண்ணில் கொஞ்சம், ஒரு மீட்டருக்குக் கீழே கொஞ்சம் எடுக்கிறோம். பாறையிலிருந்து வந்ததென்றால் கீழேயும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். வெளியிலிருந்து விழுந்தது பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். ஈயம் இதற்கு நல்ல சாட்சி. ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ல் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பழைய சாலையோர மண்ணில் அது இன்னும் கிடக்கும். மக்கிப் போகிற பொருள் இல்லையே. டயர் தேய்மானத்தில் துத்தநாகம், பாஸ்பேட் உரத்தில் காட்மியம் என்று மற்றவையும் உண்டு. பீன்யாவில் என் மேஜைக்கு அதிகம் வருவது பிளேட்டிங் விவகாரம்.

அதில்தான் அண்ணன் வாதம் முழுசாக விழுகிறது. பாறையில் இருக்கும் குரோமியம் கிட்டத்தட்ட எல்லாமே மூன்று இணைதிறன் கொண்டது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். பிளேட்டிங் தொட்டியில் இருக்கும் குரோமிக் ஆசிடில் உள்ளது ஆறு இணைதிறன் கொண்டது. லேபில் ஹெக்ஸா குரோம் என்போம். தண்ணீரில் கரையும், இறங்கும், போர்வெல்லுக்குப் போகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதியான பட்டியலில் இருக்கிறது. பொருளைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது சொட்டுவது, அலசிய தண்ணீர், வெடித்த தரை — இவ்வளவு போதும். போர்வெல் தண்ணீரில், ஹெக்ஸா குரோமைக் காட்டிக்கொடுக்கும் டைஃபினைல்கார்பசைடு என்ற ரசாயனத்தை விட்டு ஊதா நிறம் வந்தால், லால்பாக் பாறை மேல் பழி போட முடியாது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கே வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

இது பெங்களூரோடு முடிகிற கதையும் இல்லை. பீன்யா பக்கத்துக் கழிவுநீர் போய்ச் சேரும் விருஷபாவதி ஆற்றில் விழுவது அர்க்காவதி ஆற்றுக்குப் போகிறது, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் சேருகிறது. அதற்கப்புறம் ஒகேனக்கல். அண்ணனின் சொந்த மாவட்டம்.

இன்னொன்று. பீன்யா பக்கம் பழைய ஷெட்டை இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்புகிறவர்கள், தோண்டிய மண்ணை எங்கேயோ பள்ளம் நிரப்பக் கொடுத்துவிடுகிறார்கள். மனை வாங்கினால் நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டெஸ்டுக்குக் கொடுத்தால் மேல்மண், அடிமண் இரண்டும் கொடுங்கள், ஹெக்ஸா குரோமைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மொத்தக் குரோமியம் மட்டும்தான் ரிப்போர்ட்டில் வரும். தனி டெஸ்ட், அதற்குத் தனிக் காசு.