ஃபார்மேட் பட்டனை அமுக்கும் முன்

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியும் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லையென்றால், மவுஸைத் தொடும் முன் காதைக் கொடுங்கள். டிஸ்க்கைத் தூக்காதீர்கள், நீங்கள் குனியுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அசைப்பது அதற்கு நல்லதல்ல.

மெல்லிய, சீரான 'உம்ம்' கேட்டால் மோட்டார் சுற்றுகிறது. கோளாறு அநேகமாக கேபிளிலோ விண்டோஸிலோ இருக்கும். சுற்றத் தொடங்கி அடங்கி, மறுபடி தொடங்கி அடங்கினால் அநேகமாக மின்சாரம் போதவில்லை. வேறு போர்ட், வேறு கேபிள் மாற்றிய பிறகும் 'டக் டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால் உள்ளே ஹெட் (சுற்றும் தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) போயிருக்கலாம். உடனே கழற்றி வைத்துவிடுங்கள். இன்னும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று ஓட்டினால் தட்டில் கீறல் விழும், ரெக்கவரி செய்பவருக்கும் வேலை இருக்காது.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, போர்ட் தரும் 5 வோல்ட்தான். தரநிலைப்படி யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் ஓரிரு நொடியில் டிஸ்க் 1 ஆம்பியர் வரை கேட்கும். அங்கேதான் திணறல். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து மெல்லிய வயர் வருவதால் வோல்டேஜ் இன்னும் சரியும், பின்பக்கம் செருகுங்கள். அடாப்டர் இல்லாத ஹப்பைக் கழற்றுங்கள். ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டி கம்ப்யூட்டரில் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்று விழலாம்.

அடுத்தது கேபிள். டிஸ்க் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, அகலமாக இருக்கும் பின்னைப் பாருங்கள். பெரிய பாதி பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் பின்னேதான். சின்னப் பாதியில்தான் 3.0-வின் அதிவேக இணைப்புகள் இருக்கின்றன. சின்னப் பாதி சரியாகத் தொடாவிட்டால், நொடிக்கு 100 எம்பிக்கு மேல் காப்பி ஆன டிஸ்க் 30, 40-க்கு இறங்கும், அல்லது பாதியில் கழன்றுகொள்ளும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை: பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் கேபிளைப் பெரிய பாதியில் மட்டும் செருகுங்கள். மெதுவாக, ஆனால் நிலையாக ஓடினால் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டாம், கேபிளை மாற்றினால் போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களும் உண்டு, டேட்டா போகும் கேபிளாகப் பார்த்து எடுங்கள்.

மேசையில் வைக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு அடாப்டர்தான் உயிர். பெரும்பாலும் 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர். ரவுட்டர் அடாப்டரும் 12 வோல்ட், பின்னும் பொருந்தும், லைட்டும் எரியும். ஆனால் அது 1 ஆம்பியர்தான் என்றால் மோட்டார் கிளம்பாமல் தவிக்கும். இதைவிட மோசம் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகுவது. பல டிஸ்க்குகளின் போர்டில் இருக்கும் சிறு பாதுகாப்பு டையோடு ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். டிஸ்க் செத்ததுபோல் கிடந்தாலும் டேட்டா தப்பியிருக்க வாய்ப்புண்டு, தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவும் சரியென்றால்தான் விண்டோஸுக்கு வர வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். டிஸ்க் ஆரோக்கியமாகத் தெரிந்து எழுத்து மட்டும் இல்லையா? ஒரு டிரைவ் லெட்டர் கொடுங்கள், முடிந்தது. 'ரா' என்று காட்டி ஃபார்மேட் செய்யச் சொன்னால் கேன்சல் அமுக்குங்கள், பெரும்பாலும் பைல் சிஸ்டம்தான் (பைல்கள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கு) கெட்டிருக்கும். 'நாட் இனிஷியலைஸ்டு' (டிஸ்க் இன்னும் பயன்பாட்டுக்குத் தயார் செய்யப்படவில்லை) என்று வந்தால் அளவைக் கவனியுங்கள். 1 டிபி டிஸ்க்குக்கு 931 ஜிபி சரி. அளவே வரவில்லையென்றால் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டு பேசுகிறது, டிஸ்க் பதில் சொல்லவில்லை. இரண்டிலுமே இனிஷியலைஸ் கொடுக்காதீர்கள்.

விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். பிழைகளைச் சரிசெய்யச் சொல்லி ஓட்டினால் அது டிஸ்க்கில் எழுதும், நோயாளி டிஸ்க்கை இன்னும் படுக்கவைக்கும். முதலில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை அது. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது, ரிப்பேர் அப்புறம்.

சும்மா இருக்கும்போது மட்டும் டிஸ்க் காணாமல் போனால் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள். காப்பி ஓடும்போதே போனால் இது பயன்படாது, மறுபடி கேபிளும் மின்சாரமும்தான்.

கடைசி வழியாகப் பெட்டியைப் பிரித்து, டிஸ்க்கை வேறு சாட்டா கேஸில் (சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்கின் வழக்கமான இணைப்பு) போடலாம். எல்லாவற்றிலும் நடக்காது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் சாட்டா பின்னே கிடையாது, யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்திருக்கும். டேட்டாவும் என்கிரிப்ட் ஆகியே (ரகசியக் குறியீடாக மாற்றியே) எழுதப்பட்டிருக்கும். அந்த சாக்கெட் ஆடினால் ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி ஓட்டாமல், சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து சாக்கெட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.