முகத்துவாரத்தில் படித்த ஊடகப் பாடம்

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை சாதாரண சித்தியான எஸ், இரண்டாம் முறை அதிஉயர் சித்தியான ஏ. இடைப்பட்ட ஓராண்டில் புதிதாக ஒரு நூலும் வாங்கவில்லை. அதே குறிப்புக் கொப்பி, அதே கடந்தகால வினாத்தாள்கள். மாறியது படித்த விதம் மட்டும்தான். இந்த ஆண்டு எழுதப்போகும் தம்பி தங்கையருக்கு உதவும் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை, சமூகத்தில் ஊடகவியலாளரின் வகிபாகத்தை விளக்கச் சொல்லும் வினா எனக்கு மிகவும் பிடித்தமானது. மூன்று பக்கம் நிரப்பினேன். ஊடகம் சமூகத்தின் கண்ணாடி, ஜனநாயகத்தின் நான்காவது தூண், மக்களின் குரல் என்று வரிசையாக எழுதினேன். இன்று அந்த விடையை நினைத்துப் பார்த்தால், அதில் ஓர் ஊரின் பெயரோ ஒரு திகதியோ இருக்கவில்லை. எந்த நாட்டில் இருக்கும் மாணவியும் அதை எழுதியிருக்கலாம்.

பெறுபேறு வந்த பிறகு எங்கள் ஆசிரியையிடம் போய் அழுதேன். அவர் ஒரே ஒரு வேலை சொன்னார்: "ஒரு செய்தியைப் பிடித்துக்கொள். அது பிறந்த இடத்திலிருந்து அச்சாகும் வரை அதன் பின்னாலேயே போ. அதற்குப் பிறகு கொப்பியைத் திற."

அது மார்கழி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் தவறாமல் எழும் பேச்சு ஆற்றுவாய் வெட்டுவது பற்றியது. வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுப் பக்கம் கடலோடு கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்போம். மணல் சேர்ந்து அது அடைபட்டிருக்கும் காலத்தில் மழை வெள்ளம் வெளியேற வழியில்லாமல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் ஏறி நிற்கும். பெரும்போகப் பயிர் மூழ்கும். அப்போது மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விட வேண்டும்.

என் மாமாவின் வயல் வவுணதீவில் இருக்கிறது. வலையிறவுப் பாலத்தில் நின்று அவர் தண்ணீருக்குள் தெரியும் தன் வரம்பைக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே எனக்கு இந்த விடயத்தில் ஒரே நியாயம்தான் தெரியும்: உடனே வெட்ட வேண்டும். அந்த மனநிலையோடுதான் முகத்துவாரத்துக்குப் போனேன்.

அங்கே தோணியைக் கரையேற்றிவிட்டு வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் கேட்கவேண்டும் என்று எழுதிப்போன ஆறு வினாக்கள் என் கையில் இருந்தன: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. 'ஏன்' என்று கேட்டதும் அவர் வலையைக் கீழே வைத்தார். "பிள்ளை, இறால் குஞ்சு இப்போதுதான் வாவிக்குள் வளர்கிறது. வாயை இப்போது வெட்டினால் அது வளர்வதற்கு முன்பே கடலுக்குப் போய்விடும். வாவியில் நீர் இறங்கிவிடும். வயல்காரனுக்குப் பயிர் என்றால் எனக்கு இதுதான் பயிர்" என்றார். நான் மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. 'பக்கச்சார்பின்மை' என்ற சொல்லை அதற்கு முன் இருநூறு தடவையாவது எழுதியிருப்பேன். அது என்னைப் பற்றிய சொல் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு பிரதேச செயலகத்தில் விசாரித்தேன். நீர்மட்டத்தைப் பார்த்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு பேசி, விவசாயிகளையும் மீனவர்களையும் அழைத்த பின்னரே முடிவெடுப்பார்கள் என்றார்கள். ஆக, இந்தச் செய்திக்கு இரண்டு பக்கமல்ல, மூன்று பக்கம்.

இரண்டு நாளில் செய்தி அச்சில் வந்தது. எங்கள் பகுதியின் பிராந்திய நிருபர் ஒருவர் தாம் அனுப்பிய மூலப் பிரதியை எனக்குக் காட்டினார். ஒன்பது பந்திகள். பத்திரிகையில் நான்கு பந்திகள்தான் இருந்தன. காணாமற்போன ஐந்தில் மீனவர்களின் கருத்து முழுவதும் அடக்கம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தலைகீழ்ப் பிரமிட் முறையில் மிக முக்கியமானது மேலே, முக்கியம் குறைந்தது கீழே என்று எழுதுகிறோம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் உப ஆசிரியர் கீழேயிருந்து வெட்டுவார். நிருபர் மீனவர்களைக் கடைசியில் வைத்திருந்தார். அதனால் அவர்கள் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தலைகீழ்ப் பிரமிட், எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவரைப் பற்றிய வாயிற்காப்போன் கோட்பாடு, செய்திச் சமநிலை என்று கொப்பியில் மூன்று தலைப்பாக இருப்பவை ஒரே வெட்டில் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள். வாயிற்காப்போன் என்ற கருத்தைக் குர்ட் லெவின் முன்வைத்தார். டேவிட் மானிங் வைட் 1950 இல் ஒரு செய்தி ஆசிரியர் எதை ஏற்றார், எதை ஒதுக்கினார் என்று ஆராய்ந்து அதை ஊடகத்துறைக்குக் கொண்டுவந்தார். இதைப் பலரும் எழுதுவார்கள். ஆனால் வாயில் ஒன்றல்ல, பல என்பதை எழுதுபவர்கள் குறைவு. யாரிடம் பேசுவது என்று முடிவெடுத்த நானே முதல் வாயில். எதை மேலே வைப்பது என்று தீர்மானித்த நிருபர் அடுத்தது. வெட்டிய உப ஆசிரியர், பக்கம் ஒதுக்கிய செய்தி ஆசிரியர், எல்லாவற்றுக்கும் பொறுப்புச் சொல்லும் பிரதம ஆசிரியர் என்று அது நீள்கிறது. ஊடகவியலாளர் என்றால் மைக்கைப் பிடித்திருப்பவர் மட்டுமல்ல என்பதை இப்படி எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஊடகத்தின் தொழிற்பாடுகள் பற்றிய வினாவுக்கும் இதே செய்தி போதும். ஹரோல்ட் லாஸ்வெல் 1948 இல் மூன்றைச் சொன்னார். நீர்மட்டம் ஏறுகிறது என்று எச்சரிப்பது சூழலைக் கண்காணித்தல். வயல்காரரையும் தோணிக்காரரையும் அதிகாரிகளையும் ஒரே பக்கத்தில் பேசவைத்து நிலைமையை விளக்குவது சமூகக் கூறுகளை இணைத்தல். ஆற்றுவாய் எப்போது வெட்டுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கரையோர மக்கள் அறிந்துவைத்திருப்பதைப் பதிவுசெய்வது மரபைக் கையளித்தல். மகிழ்வூட்டலை நான்காவதாகச் சேர்த்தவர் சார்ல்ஸ் ரைட். அதை லாஸ்வெல் தலையில் ஏற்றிப் புள்ளியை இழந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். மக்கள் எதைப் பற்றி யோசிப்பது என்பதில் ஊடகம் செல்வாக்குச் செலுத்துகிறது என்னும் நிகழ்ச்சிநிரல் அமைத்தலுக்கு மக்கோம்ஸ், ஷோ, 1972 என்ற மூன்றும் நினைவில் இருந்தால் போதும்.

வரலாற்றுப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். உதயதாரகை 1841, வீரகேசரி 1930, தினகரன் 1932 என்று பத்திரிகைகள் தொடங்கிய ஆண்டுகளை மனத்தில் வையுங்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழறிஞராகவே படிக்கிறோம். அவர் இராமகிருஷ்ண மிஷனின் ஆங்கிலச் சஞ்சிகையான பிரபுத்த பாரதவின் ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை நம் பகுதிப் பிள்ளைகளாவது எழுதவேண்டும் என்பது என் ஆசை.

சரிபார்த்தல் பற்றி எழுத எங்கும் தூரம் போகத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை எடுங்கள். ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி. சிங்களம் சரியாகப் புரியாத காசாளர் பதற்றத்தில் சொன்னது ஒப்புதலைப் போலக் காணொளியாகிப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அப்படி ஒரு மருந்தும் இல்லை, அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. உங்கள் விடையில் இந்தச் சம்பவத்தைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அந்த இரவில் ஓர் ஊடகவியலாளர் அங்கே நின்றிருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். காசாளரிடம் அவருடைய மொழியில் கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு மருந்து உண்டா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். காணொளியை எடுத்தவர் யார், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று விசாரித்திருக்க வேண்டும். வகிபாகம் என்று வினாத்தாள் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான்.

அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் காவலன் என்ற வகிபாகத்தை எழுதும்போது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவைச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரம், 14அ தகவல் பெறும் உரிமை, இரண்டையும் குழப்பாதீர்கள். முடிந்தால் ஒரு விண்ணப்பத்தை நீங்களே கொடுத்துப் பாருங்கள். உங்கள் தெரு விளக்கைப் பற்றியதாக இருந்தாலும் போதும்.

இந்தத் தொழிலுக்கு எங்கள் நகரம் கொடுத்த விலையையும் எழுதத்தான் வேண்டும். வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடைத்தார். முதல் முறை எழுதியபோது இந்தப் பெயர்களை நான் கண்ணீர் வடிக்கும் சொற்களால் அலங்கரித்தேன். இரண்டாம் முறை பெயரையும் திகதியையும் இடத்தையும் மட்டும் எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒழுக்கநெறிப் பகுதியில் பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பத்திரிகைப் பேரவை 1973 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 இல் பத்திரிகைத் துறையினரே உருவாக்கிய சுய ஒழுங்குமுறை அமைப்பு. குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது 2002 இல். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

பரீட்சை மண்டபத்தில் நான் செய்தது மிக எளிது. வினாவைப் படித்ததும் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் 'முகத்துவாரம்' என்று எழுதிக்கொண்டேன். வரைவிலக்கணத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு நேரே மணல் திட்டுக்குப் போய்விட்டேன். கோட்பாட்டாளர் பெயர்கள் அந்தக் கதைக்குள் தாமாகவே வந்து அமர்ந்தன. உங்களுக்கு முகத்துவாரம் வேண்டாம். கல்முனைச் சந்தை, ஒலுவில் கடலரிப்பு, யானை இறங்கும் வயலோரக் கிராமம் என்று உங்கள் ஊரில் ஒன்று இருக்கும். அதைப் பிடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதே ஆற்றுவாய் விடயத்தை நானும் ஒரு செய்தியாக எழுதினேன், அதை எங்கள் ஊர் வாசிகசாலைச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் அந்த முதியவர் வந்து நின்றார். அவர் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தேன். அது பக்கத்து மீனவர் வாடியில் இருக்கும் வேறொருவரின் பெயராகிவிட்டது. வெட்டக்கூடாது என்று சொன்னது அந்த மற்றவர்தான் என்று நினைத்து வயல்காரர்கள் சிலர் அவரோடு சண்டைக்குப் போயிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. மன்னிப்புக் கேட்டேன். "அவனிடம் போய்க் கேள், பிள்ளை" என்றார்.

போனேன். அந்த மற்றவர் தன் கைவலையான அத்தாங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதே சுவரில், அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தை ஒட்டினேன். மாலையில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். முதியவர் தன் பெயரின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தார்.