இங்கிலாந்து வயல்வெளிப் பாதைகள்: யார் எதில் போகலாம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப்பாதை கோதுமை வயலின் குறுக்கே போகும். சில ஊர்களில் பண்ணை வீட்டு முற்றத்தின் வழியாகவே போகும். நிலம் பண்ணைக்காரருடையது, அதைக் கடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நம்மவர்களில் சிலர் வேலிக் கதவைத் திறக்கவே தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் தடம் தெரிந்த இடமெல்லாம் சைக்கிளை விடுகிறார்கள். பாதை எந்த வகை என்று பார்த்துவிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை.

வகையைக் கம்பத்தில் இருக்கும் அம்புக்குறியின் நிறம் சொல்லிவிடும். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968 சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் ஓட்டலாம். ஆனால் சைக்கிள்காரர்தான் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும். குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்காதீர்கள். தூரத்திலேயே குரல் கொடுங்கள். ஊதா என்றால் குதிரை வண்டி வரைக்கும் போகலாம், மோட்டார் வண்டி கூடாது. சிவப்பில் மோட்டார் வண்டிக்கும் அனுமதி உண்டு. இன்னொரு அடையாளம்: வேலியைத் தாண்ட வைக்கும் மரப்படி, அதாவது ஸ்டைல், பிரைடில்வேயில் இருக்கக்கூடாது. அங்கே கதவுதான், அதுவும் குறைந்தது 5 அடி அகலத்தில்.

கம்பம் சாய்ந்து அம்புக்குறி காணாமல் போயிருந்தால் வரைபடம்தான் துணை. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை வாங்குங்கள். அதில் சின்னச் சின்னப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத், நீளமான பச்சைக் கோடுகள் பிரைடில்வே. பலர் ஏமாறுவது கறுப்புக் கோட்டில்தான். கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே காட்டும். அதில் உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லாது. ஆரஞ்சுக் கோடு நில உரிமையாளர் மனமுவந்து விட்டிருக்கும் பாதை, அவர் நினைத்தால் மூடலாம். தகராறு என்று வந்துவிட்டால் இந்த வரைபடம்கூடக் கடைசிச் சொல் இல்லை. 1949 சட்டத்தால் உருவாகி, உள்ளூர் நிர்வாகம் பராமரிக்கும் டெஃபினிட்டிவ் மேப்பும் (பொதுப்பாதைகளின் அதிகாரபூர்வ வரைபடம்) அதனோடு சேர்ந்த விவரப் பட்டியலும்தான் ஆதாரம். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

உழவு நேரத்தில்தான் குழப்பம் அதிகம். வயல் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. குறுக்கே போகும் ஃபுட்பாத்தையோ பிரைடில்வேயையோ, தவிர்க்க வசதியில்லை என்றால் உழலாம். ஆனால் விதைப்புக்காக முதலில் கிளறியதிலிருந்து 14 நாளுக்குள் தரையைச் சமப்படுத்தித் தடம் தெரியும்படி செய்ய வேண்டும். அதே பயிருக்காக மறுபடி கிளறினால் 24 மணி நேரம்தான் கெடு. மேலே சொன்ன விவரப் பட்டியலில் அகலம் குறிக்கப்படாத இடத்தில், குறுக்கே போகும் ஃபுட்பாத்துக்குக் குறைந்தது 1 மீட்டர், பிரைடில்வேக்கு 2 மீட்டர். ஓரப்பாதை என்றால் முறையே 1.5, 3 மீட்டர். பயிர் முளைத்து மறைத்திருந்தால் அதன் ஊடாகவே நேராக நடக்கலாம். மரியாதை என்று நினைத்து வரப்போரமாகச் சுற்றுபவர்கள்தான் உண்மையில் உரிமையில்லாத இடத்தில் நடக்கிறார்கள். எதிர்ப்பக்க ஸ்டைலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள். அம்பு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அதுதான் திசை.

‘பிரைவேட் ரோட்’ பலகையைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வண்டிகளுக்குச் சொன்னது. அதே சாலைமேல் ஃபுட்பாத் இருக்கலாம். பாதையில் வருபவரை விரட்டும் நோக்கில் பொய்யான அறிவிப்பு வைப்பதும் குற்றம்தான்.

மாடுகள் விஷயத்தில் அசட்டையாக இருக்கக்கூடாது. ஃப்ரீசியன், ஹோல்ஸ்டைன், ஜெர்சி போன்ற கறவை இனப் பொலிகாளை 10 மாதத்தைத் தாண்டிவிட்டால், பொதுப்பாதை போகும் வயலில் அதை விடுவதற்குத் தடை. மற்ற இனக் காளையைப் பசுக்களோடோ கிடேரிகளோடோ மட்டும் விடலாம். காளையைவிட நான் அஞ்சச் சொல்வது கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், மாட்டின் கோபமும் பெரும்பாலும் அதன் மேல்தான்.

பாதை என்பது கடந்து போவதற்கான உரிமை. ஓரமாகக் கொஞ்சம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடலாம். ஜமுக்காளம் விரித்துக் குடும்பத்தோடு கிரிக்கெட் ஆட முடியாது.

பாதையை விட்டு விலகி நடக்க ஆசையென்றால் அதற்குத் தனி நிலம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலை, மூர்லேண்ட் என்னும் மரமில்லாத மேட்டுவெளி, புதர்வெளி, பொதுமேய்ச்சல் நிலங்கள் நடப்பவர்களுக்குத் திறக்கப்பட்டன. இங்கிலாந்து முழுவதும் 2005 அக்டோபர் 31-இல் அது நடைமுறைக்கு வந்தது. எக்ஸ்ப்ளோரரில் இவை வெளிர்மஞ்சளாக இருக்கும். சைக்கிள், குதிரை, கூடாரம் இந்த உரிமையில் அடங்காது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடிக்க வேண்டும். ஆடுமாடு அருகே இருந்தால் எந்த மாதமானாலும் அப்படித்தான். கூடார விஷயத்தில் தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டார்ட்மூரின் பொதுநிலம் மட்டும் விதிவிலக்கு. அங்கே கூடாரமடித்து இரவு தங்கும் உரிமை உண்டு என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஸ்காட்லாந்தின் 2003 சட்டம் இதைவிடத் தாராளமானது. அங்கே பெரும்பாலான நிலத்தில் நடை, சைக்கிள், குதிரை எல்லாமே பொறுப்போடு நடந்துகொண்டால் சரி. இங்கிலாந்து விதிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள், அங்குள்ளதை இங்கேயும்.

வழியில் முள்கம்பியோ பூட்டிய கதவோ குறுக்கிட்டால், கடப்பதற்குத் தேவையான அளவு மட்டும் அகற்றலாம், அல்லது அதே உரிமையாளரின் நிலத்தில் பக்கவாட்டில் சுற்றிப் போகலாம். பக்கத்து நிலத்துக்குள் போகக்கூடாது. கம்பி வெட்டும் கருவியோடு கிளம்புவது வேறு கதை, வேண்டாம். ஒரு படம், வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கிரிட் எண், முடிந்தால் பாதையின் எண் ஆகியவற்றோடு கவுன்சிலின் ‘ரைட்ஸ் ஆஃப் வே’ பிரிவுக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவின்கீழ் முறையாக நோட்டீஸ் கொடுத்து, அதற்கும் மேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம். பாதைமேல் கட்டடமே எழும்பிவிட்டிருந்தால் மட்டும் இந்தப் பிரிவு உதவாது.